கூலி எழுதாத கணக்கு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இலர். சிறு வயதிலே பாட்டியார் வாயிலாக அதனைக் கேட்டோம். பள்ளிக்கூடத்திலே கட்டுரை எழுதியபோது அதனை எடுத்தாண்டோம். பின்னர் ஆசிரியராகி, மாணாக்கர்க்கும் அதனை எடுத்துரைத்தோம். ஆயினும் அப்பழமொழியின் முழுப்பொருளை நாம் உணர்ந்தது 2023ஆம் ஆண்டிலே, எமது தமக்கையாரின் அடுக்களையிலே, ஒரு பழைய தராசின் முன்னிலையிலேதான் என்றால் வாசகர் நகைக்கக்கூடும்.

நகைப்பதற்குக் காரணமும் உண்டு. நாம் இருபத்தெட்டு ஆண்டுகள் உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கணக்கியல் கற்பித்தோம். 1494ஆம் ஆண்டிலே வெனிசு நகரத்திலே லூக்கா பசியோலி என்னும் துறவியார் அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் இரட்டைப்பதிவு முறை விளக்கப்பட்டிருப்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். நிலையான கிரயம் யாது, மாறும் கிரயம் யாது என்று ஆண்டுதோறும் வினா வரைந்து புள்ளியும் இட்டோம். ஆனால் எமது வீட்டு வேலிக்கு அப்பால், எம்முடன் பிறந்தவர் இரவும் பகலும் உழைத்து நடத்திய ஒரு சிறு தொழிலின் கணக்கை ஒருநாளாவது வாங்கிப் பார்த்தோமில்லை. அக்குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காகவே இதனை எழுதுகின்றோம். எம்மைப்போல வேலிக்கு அப்பாற் பாராதவர் இன்னுஞ் சிலர் இருத்தல் கூடும். அவர்க்கும் இது பயன்படலாம்.

எமது அத்தான் 2016ஆம் ஆண்டிலே காலமானார். அரசாங்க அலுவலகத்திலே எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய ஓய்வூதியத்திலே ஒரு பகுதி அக்காவுக்குக் கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் அப்போது படித்துக் கொண்டிருந்தனர். ஓய்வூதியம் அடுப்பெரியப் போதும், படிப்புக்குப் போதாது. ஆகவே அக்கா தமக்குத் தெரிந்த கைவேலையையே தொழிலாக்கிக் கொண்டார். அது கறித்தூள் வறுத்துக் கொடுத்தல்.

யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் மகிமை வறுவலில் இருக்கின்றது என்பதை இல்லத்தரசியருக்கு நாம் கூற வேண்டியதில்லை. செத்தல் மிளகாய் வேறாக, கொத்தமல்லி வேறாக, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் என ஒவ்வொன்றும் தன்தன் பதத்துக்குத் தாச்சியிலே வறுபட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் மல்லி கருகும். ஒரு கணம் முந்தினால் தூளிலே பச்சை வாசம் வீசும். அக்காவின் கைக்கு அப்பதம் தெரியும். அயலாருக்காக இரண்டு கிலோவுடன் தொடங்கிய வேலை மெல்ல மெல்லப் பரந்து, ஏழு கடைகளுக்கு நூறு கிராம் பைகளாகச் செல்லும் நிலையை அடைந்தது. மாதம் நான்கு முறை வறுவல். ஒவ்வொரு வறுவலுக்கும் இரண்டு நாள் வேலை. "ரீச்சர், உங்கடை அக்காவின்ரை தூள் எண்டால் அது தனி" என்று வழியிலே கண்டவரெல்லாம் எம் துணைவியாரிடம் கூறுவர். நாமும் அகமகிழ்ந்து, தொழில் சிறப்பாக நடக்கின்றது என்றே எண்ணியிருந்தோம்.

2023ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுதிலே அக்கா வேலிப் பொட்டால் எம் வீட்டுக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாகத் திண்ணை ஓரத்திலே நின்றார்.

"தம்பி, ஒரு இருபதினாயிரம் இருக்குமோ? மிளகாய் எடுக்க வேணும். கடைக்காரர் காசு தந்த உடனை திருப்பித் தருவன்."

அப்போதுதான் அவருடைய கழுத்தை நோக்கினோம். அத்தான் இருந்த காலத்திலே அணிந்திருந்த சங்கிலி அங்கே இல்லை.

"சங்கிலி எங்கை அக்கா?"

"அது வங்கியிலை ஈட்டிலை கிடக்குது. மீட்டுப்போடலாம்" என்று கூறி, முகத்தை மறுபுறம் திருப்பிக் கொண்டார்.

எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழு கடைகளிலே தூள் விற்கின்றது. கேட்ட இடத்துக்குக் கொடுக்க முடியாத அளவுக்குக் கேள்வி இருக்கின்றது. அவ்வாறாயின் மிளகாய் வாங்க முதல் இல்லாமற்போனது எவ்வாறு? அன்றிரவே அவருடைய கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கினோம். அக்கா கணக்கு எழுதாதவரல்லர். சந்தையிலே வாங்கியவை அனைத்தும், கடை கடையாகக் கொடுத்த பைகளும், வந்த பணமும் அழகிய கையெழுத்திலே எழுதப்பட்டிருந்தன. கடைகளிலிருந்து வரவேண்டிய தொகை மாத்திரம் 31,500 ரூபா. "முதல் அங்கைதான் கிடக்குது" என்பது அக்காவின் விளக்கம். அது பாதி உண்மை. மற்றப் பாதியைக் காண நாம் மறுநாள் அடுக்களைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

அன்று வறுவல் நாள். அக்கா தூளின் அடக்கவிலையைக் கணிக்கும் முறை இதுவாக இருந்தது: செத்தல் மிளகாய் 4 கிலோ 5,200 ரூபா, கொத்தமல்லி 4 கிலோ 2,400, பெருஞ்சீரகம் 1 கிலோ 1,400, நற்சீரகம் அரைக் கிலோ 1,200, மிளகு அரைக் கிலோ 800, வெந்தயமும் மஞ்சளும் காற்கிலோ வீதம் 400. கறிவேப்பிலை வீட்டு முற்றத்தில் உள்ளது. ஆக, பத்தரைக் கிலோப் பொருளுக்கு 11,400 ரூபா. அரைக்கும் ஆலைக்கு 700. மொத்தம் 12,100. இதனைப் பத்தரையாற் பிரித்தால் கிலோ ஒன்று ஏறக்குறைய 1,150 ரூபா. கடைக்குக் கொடுக்கும் விலை 1,500. எனவே கிலோவுக்கு 350 ரூபா இலாபம் என்று அவர் மனத்திலே பதிந்திருந்தது.

நாம் ஒன்றே ஒன்றுதான் செய்தோம். ஆலையிலிருந்து வந்த தூளைத் தராசிலே இட்டோம். முள் 9 கிலோவிலே நின்றது.

"ஒன்றரைக் கிலோ எங்கை போச்சுது அக்கா?"

"காம்பு முறிச்சது, கல்லு மண் புடைச்சது, வறுக்கேக்கை ஈரம் போனது, மில்லிலை ஒட்டினது. எப்பவும் குறையுந்தானே, தம்பி."

எப்பவும் குறையும் என்பது அவருக்குத் தெரியும். கைக்குத் தெரிந்த அவ்வுண்மை கொப்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்தரைக் கிலோவுக்குப் பணங் கொடுத்து, ஒன்பது கிலோவையே விற்கும் ஒருவர், செலவைப் பத்தரையாற் பிரித்தல் பொருந்துமோ? வாங்கிய நிறையாலன்று, விற்கும் நிறையாலேயே பிரித்தல் வேண்டும். பலகாரஞ் சுடுவோர்க்கு உடைந்தவையும் கருகியவையும் உண்டு. தையற்காரர்க்கு வெட்டுத்துணி உண்டு. மரக்கறி விற்போர்க்கு வாடியவை உண்டு. இவை யாவும் விலைக்குள் இடம் பெறவேண்டியவை.

பின்னர் விட்டுப்போன செலவுகளை ஒவ்வொன்றாகத் தேடினோம். எரிவாயுவும் விறகும் "வீட்டுச் செலவு" என்று ஓய்வூதியப் பணத்திலிருந்து போயின. கணித்தபோது ஒரு வறுவலுக்கு 500 ரூபா. பொலித்தீன் பையும் பெயர்த்தாளும் 450. முச்சக்கர வண்டியும் பேருந்துமாகக் கடைகளுக்குச் சென்றுவர 450. பொருளும் ஆலைக் கூலியுமான 12,100 உடன் இவற்றைக் கூட்டினோம். 13,500 ரூபா வந்தது. ஒன்பது கிலோத் தூளை 1,500 வீதம் விற்றால் வரும் பணத்தையும் பெருக்கினோம். அதுவும் 13,500 ரூபா.

நாம் கூட்டியதை மீண்டும் கூட்டினோம். விடை மாறவில்லை. வரவும் செலவும் ஒன்று, மிச்சம் பூச்சியம்.

அக்கா நெடுநேரம் அக்காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் இவ்வளவு நாளும் என்ன செய்தனான், தம்பி?"

அவ்வினாவுக்கு விடை கூற எமக்கு நா எழவில்லை. மாதம் எட்டு நாள் மிளகாய் நெடியிலே கண்ணெரிந்து, இருமி, தோள் நோவ வறுத்த உழைப்பின் பயன் முழுவதும், அவர் அறியாமலே, வாங்குவோர்க்கு இனாமாகப் போயிருந்தது. அதுவும் தூளின் விலையிலே எவரும் காணாத இனாம். பெற்றவர் நன்றி கூறவில்லை. கொடுத்தவருக்குக் கொடுத்தோமென்ற மனநிறைவும் இல்லை.

சங்கிலி ஈட்டுக்குப் போன காரணமும் இப்போது தெளிவாயிற்று. 2022ஆம் ஆண்டை இலங்கையர் எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திலே 360 ரூபாவைத் தொட்டது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்பிரல் இறுதியிலே 4,860 ரூபாவாயிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரிலே பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதமாக இருந்தது. எமது நாட்டுக்கு வேண்டிய செத்தல் மிளகாயிலே பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. ஆகவே டொலர் ஏறினால் மிளகாயும் ஏறும். அக்காலத்திலே அக்கா, பழைய விலைக்கு வாங்கிய மிளகாயிற் செய்த தூளைப் பழைய விலைக்கே விற்றார். "நான் நயமாய் வாங்கினதை ஏன் கூட்டி விக்க வேணும்?" என்பது அவருடைய நியாயம். நேர்மையான நெஞ்சின் நியாயந்தான் அது. ஆனால் விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு சுன்னாகச் சந்தைக்குச் சென்றபோது, முன்பு வாங்கிய அளவு மிளகாயை அப்பணம் வாங்கித் தரவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் சிறிது சிறிதாகக் கரைந்தது. விலைவாசி ஏறுங் காலத்திலே, வாங்கிய விலையை மாத்திரம் நோக்காது, விற்றதன் இடத்தை மீண்டும் நிரப்ப இன்று என்ன செலவாகும் என்பதையும் நோக்குதல் வேண்டும். இல்லையேல் கொப்பியிலே இலாபமும் கையிலே வெறுமையுமாக முடியும்.

இனி விலையைத் திருத்துவது எவ்வாறு என்ற பேச்சு எழுந்தது. "முதலிலே உங்களுடைய கூலியை எழுதுவோம்" என்றோம். அக்கா திடுக்குற்றார்.

"என்ரை கைக்கு என்ன கூலி? வீட்டிலை சமைக்கிறதுக்கு ஆரும் கூலி கேக்கிறதே?"

"நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் எண்டு வைப்பம். இந்த மல்லியை வறுக்க ஓராளைக் கூப்பிட்டால் என்ன குடுப்பியள்?"

"ஆயிரத்தைந்நூறு குடாமல் ஆர் வருவினம்?"

"அதுதான் அக்கா உங்கடை கூலி."

அவர் ஒன்றும் பேசவில்லை. தன் உழைப்புக்கு விலை கூறுவது நாணத்துக்குரியது என்ற எண்ணம் எம்மவரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. நேர்மைக்கும் அவ்வெண்ணத்துக்கும் தொடர்பில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலையைப் பட்டினப்பாலை வியந்து போற்றுகின்றது. கொள்ளும்போது மிகுதி கொள்ளாமையும் கொடுக்கும்போது குறை வையாமையும் அங்கே அவர்தம் சிறப்பாகச் சொல்லப்படுகின்றன. வணிகர் தமக்குத்தாமே குறை வைத்துக்கொள்ள வேண்டுமென்று அந்நூல் கூறவில்லை. பிறர் கூலியைக் குறைத்தல் அநீதியாயின், தன் கூலியை அறவே எழுதாமல் விடுதல் மாத்திரம் எவ்வாறு நீதியாகும்?

கூலி வேறு, இலாபம் வேறு என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கூலி என்பது கைகள் செய்த வேலைக்கு உரியது. இலாபம் என்பது அதற்கு மேலாகத் தொழிலுக்கென எஞ்சுவது. நட்டம் வரும் மாதத்தைத் தாங்கவும், தேய்ந்த தாச்சியை மாற்றவும், முதலைச் சிறிது பெருக்கவும் அது வேண்டும். கூலியையே இலாபமென மயங்குபவர், தாம் நோயுற்ற அன்றே தொழிலும் படுத்துவிடக் காண்பர்.

இரண்டு நாட் கூலி 3,000; தாச்சி, தராசு, பை ஒட்டும் பொறி ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 300. இவற்றை 13,500 உடன் சேர்த்தால் 16,800 ரூபா. ஒன்பதாற் பிரித்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 1,867 ரூபா அடக்கமாகின்றது. இலாபமும் வைத்தால் 2,000 ரூபா கேட்கவேண்டும். "ஒருநாளிலை ஐந்நூறு ரூபா கூட்டினால் சனம் என்ன சொல்லும்?" என்றார் அக்கா. அவருடைய அச்சம் வீணானதன்று. விலையை நாம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. வாங்குபவரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றார். அடக்கவிலை என்பது, இதற்குக் கீழே இறங்காதே என்று காட்டும் தரை. வாங்குபவரின் மனமோ, இதற்கு மேலே ஏறாதே என்று தடுக்கும் கூரை. தரைக்கும் கூரைக்கும் இடையே இடமில்லையெனில், முதலிலே தரையைத் தாழ்த்த வழி தேடல் வேண்டும்.

அவ்வழி நிலையான செலவிலே கிடைத்தது. ஒன்பது கிலோவைக் கொண்டுசெல்லும் முச்சக்கர வண்டி பதினெட்டுக் கிலோவையும் அதே கூலிக்குக் கொண்டுசெல்லும். ஒரே முறையிலே இரட்டிப்பாக வறுத்தால், அடுப்பு மூட்டல், ஆலைக்குச் சென்று காத்திருத்தல், கழுவித் துடைத்தல் என்பன ஒருமுறையே நிகழும். நான்கு நாள் வேலை மூன்று நாளில் முடியும். ஆகவே புதிதாக எழுதினோம்: பொருள் 22,800, ஆலை 1,400, எரிபொருள் 900, பை 900, போக்குவரத்து 450, மூன்று நாட் கூலி 4,500, தேய்மானம் 350. மொத்தம் 31,300. பதினெட்டாற் பிரித்தால் கிலோவுக்கு 1,739 ரூபா. 1,900 ரூபாவுக்கு விற்றால் கிலோவிலே 161 ரூபா தொழிலுக்கு எஞ்சும். கூலியும் எழுதி, விலையையும் நினைத்ததிலும் நூறு ரூபா குறைக்க முடிந்தது கண்டு அக்காவின் முகம் சற்றே தெளிந்தது.

அடுத்த நாள் அவருடன் நாமும் கடைகளுக்குச் சென்றோம். முதற் கடைக்காரர் முதியவர். அக்காவை மகளைப்போல் மதிப்பவர். புதிய விலையைக் கேட்டுத் தலையை அசைத்தார்.

"பிள்ளை, ஆயிரத்துத் தொளாயிரம் எண்டால் சனம் யோசிக்கும். பத்து வீதம் குறை, பாப்பம்."

பத்து வீதம் என்பது செவிக்குச் சிறிதாக ஒலிக்கும். மாணாக்கர் இவ்விடத்தைக் கவனித்தல் நன்று. 1,900 ரூபாவிலே பத்து வீதம் 190 ரூபா. எஞ்சுவதோ 161 ரூபா. கழிவு கொடுத்த மறுகணமே கிலோவுக்கு 29 ரூபா நட்டம். கழிவு விற்பனை விலையிலிருந்து போகின்றது. ஆனால் அது தின்பதோ இலாபத்தை. அடக்கவிலையிலே 25 வீதம் கூட்டி விற்பவர், தமக்கு விற்பனையிலும் 25 வீதம் கிடைப்பதாக எண்ணி ஏமாறுவதும் இவ்வாறே. நூறு ரூபாப் பொருளை 125 ரூபாவுக்கு விற்றால், அவ்விருபத்தைந்து ரூபா விற்பனையிலே இருபது வீதந்தான்.

நாம் வாய் திறக்குமுன் அக்காவே பேசினார். "குறைக்க ஏலாது அண்ணை. ஆனால் காசைக் கையிலை தந்தால் கிலோவுக்கு ஐம்பது ரூபா விடுறன்." முதியவர் எம்மைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பின்பு மேசை லாச்சியைத் திறந்தார். அவ்வைம்பது ரூபாவை நாம் வீணென்று கருதவில்லை. கடனாக ஒரு மாதம் கடையிலே தூங்கும் பணம் மிளகாய் வாங்க உதவாது. கைக்கு வந்த பணமே அடுத்த வறுவலை நடத்தும். எஞ்சும் 161 ரூபாவுக்குள்ளே அடங்கும் கழிவு அது. அளந்து கொடுத்த கழிவு.

எல்லாக் கடைகளிலும் அவ்வாறு நிகழ்ந்தது என்று கூறினால் அது கதையாகிவிடும். ஏழிலே மூன்று கடைகள் தூளை நிறுத்திக் கொண்டன. ஒரு கடைக்காரர், "விலையும் ஏறிப்போச்சு, மனமும் மாறிப்போச்சு" என்று கூறினார். அச்சொல் அக்காவை மிகவும் வருத்தியது. அன்றிரவு அவர் உறங்கவில்லை என்பதை விளக்கொளி எமக்குக் காட்டிற்று. நாம் செய்தது சரியோ, நன்றாக நடந்த வியாபாரத்தைப் புத்தகக் கணக்கினாற் கெடுத்துவிட்டோமோ என்று எமக்கும் உறக்கம் வரவில்லை.

மாத முடிவிலே கணக்குப் பார்த்தோம். முன்பு 36 கிலோ விற்றது. அம்மாதம் விற்றது 18 கிலோ. விற்பனை சரிபாதியாகக் குறைந்தது. வரவேண்டிய கூலி 4,500 ரூபாவும், இலாபம் 2,900 ரூபாவும் கூட்டினால் 7,400. பத்துக் கிலோவுக்குக் கொடுத்த கழிவு 500 போக, 6,900 ரூபா அக்காவின் கையிலே இருந்தது. எட்டு நாள் உழைத்துப் பூச்சியம் பெற்றவர், மூன்று நாள் உழைத்து 6,900 பெற்றார். "அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்" என்று உழவர் கூறுவது வணிகத்துக்கும் பொருந்தும் போலும்! விற்பனை பெருகுவது மாத்திரம் வளர்ச்சியாகாது. ஒவ்வொன்றிலும் இழப்பவர் அதிகம் விற்றால், இழப்பும் அதிகமாகும்.

சில மாதங்களின் பின் நிறுத்திய மூன்று கடைகளிலே ஒன்று மீண்டும் தூள் கேட்டது. மற்றவை கேட்கவில்லை. அவ்விடத்தை நேரே வீட்டுக்கு வந்து வாங்குவோர் ஓரளவு நிரப்பினர். ஈட்டிலே இருந்த சங்கிலிக்கு வட்டி ஒழுங்காகக் கட்டப்பட்டது. முதலிலும் ஒரு பகுதி அடைந்தது.

இவ்விடத்திலே இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. எமது ஒழுங்கையின் முடிவிலே தனியாக வாழும் ஓர் ஆச்சி, வெள்ளிக்கிழமைதோறும் நூறு கிராம் தூள் வாங்குபவர். முன்பு 150 ரூபா; புதிய கணக்கின்படி 190. அவரிடம் நாற்பது ரூபா கூட்டிக் கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை. "இதுக்கும் உன்ரை கணக்கோ?" என்று எம்மைக் கேட்டார். "கொடுங்கள் அக்கா, ஆனால் எழுதிக் கொடுங்கள்" என்றோம். கொப்பியின் கடைசிப் பக்கத்திலே "கொடை" என்று தலைப்பிட்டு, வெள்ளி தோறும் நாற்பது ரூபா என எழுதினார். மாதத்துக்கு 160 ரூபா. அவருடைய இலாபம் அதனைத் தாங்கும். ஏழு கடைகளுக்கும் முகமறியாத பல நூறு பேருக்கும் தெரியாமற் கொடுத்ததை நிறுத்தியதனால், தெரிந்த ஒருவருக்கு மனமறிந்து கொடுக்க முடிந்தது. ஆற்றிலே போடாதே என்று அப்பழமொழி கூறவில்லை. அளந்து போடு என்றே கூறுகின்றது. இதனை உணர எமக்கு இத்தனை ஆண்டுகள் சென்றன.

இதனைப் படிக்கும் மாணாக்கர் பலரின் இல்லங்களிலே தாயோ, பேர்த்தியாரோ, தமக்கையோ ஏதேனும் செய்து விற்பவராக இருக்கக்கூடும். தையலாயினும், பலகாரமாயினும், பனங்கட்டியாயினும், பாய் இழைத்தலாயினும் ஒன்றே. ஓய்வுள்ள ஒருநாள் அவரருகே அமர்ந்து நான்கு வினாக்களை வினவுங்கள். வாங்கிய பொருளிலே விற்கும் நிலைக்கு வருவது எவ்வளவு? வீட்டுச் செலவுக்குள்ளே மறைந்திருக்கும் தொழிற்செலவு எது? விற்ற பணம் அதே பொருளை இன்று மீண்டும் வாங்குமா? இவ்வேலைக்கு வேறோர் ஆளை அழைத்தால் என்ன கூலி கொடுப்போம்? இவ்வளவையும் கணிக்க ஐந்தாம் வகுப்புக் கூட்டலும் பிரித்தலும் போதும். உயர்தர வகுப்பு வரை கற்பித்த எமக்கு வேண்டியிருந்தது, வேலியைக் கடந்து சென்று அருகே அமர்வது ஒன்றே.

கூலியென்று தனியே எடுத்து வைத்த முதல் 4,500 ரூபாவை அக்கா பல நாள் ஒரு தகரப் பேணியிலே வைத்திருந்தார். அதனை எதற்குச் செலவிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. தமக்கெனக் கிடைத்த பணத்தைக் கையாண்டு பழக்கமில்லை. ஈற்றிலே மகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மூன்றாண்டாகத் தள்ளிவந்த மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். மறுமுறை வறுவலன்று நாம் அடுக்களைக்குச் சென்றபோது, தராசின் முன் எம்மை அழைக்காமல், தாமே குனிந்து முள்ளைப் பார்த்து, கொப்பியிலே எழுதிக்கொண்டிருந்தார். "பதினேழே முக்கால்" என்றார். "காற்கிலோ குறையுது, தம்பி. இந்தமுறை மிளகாயிலை ஈரம் கூட. வாற கிழமை வேறை கடையிலை எடுப்பம்."

நாம் ஒன்றும் கூறவில்லை. கூறுவதற்கு எம்மிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.